புகார் அனுப்பியும் அசையாத நெட்வொர்க் நிர்வாகிகளை எப்படிச் செயல்பட வைப்பது?

திருப்பூர் கணினிக்காரன் – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு நடுத்தரப் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சர்வர், மெயில், கேமரா, பிரிண்டர் என்று வயர் செருகிய எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருப்பவன் நான். ஏழு வாரங்களாக ஒரே தொல்லையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வழி தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எங்கள் சரக்கை வாங்கும் ஐரோப்பிய பையர் ஒருவருக்கு, ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் எழுதியதைப் போலவே ஒரு மெயில் போயிருக்கிறது. எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடப்பதாகவும், இந்த ஷிப்மென்ட்டுக்கான பணத்தைக் கீழே கொடுத்துள்ள புதிய கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அனுப்பியவரின் டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) எங்களுடையது அல்ல. எங்கள் பெயரில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து வரும் இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகளை அருகருகே வைத்து, கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாதபடி பதிவு செய்திருக்கிறார்கள். பி.ஐ. (ப்ரோஃபார்மா இன்வாய்ஸ்) எண், ஆர்டர் எண் மட்டுமல்லாமல், சாயப்பட்டறையில் ஷேடு மாறியதால் நான்கு நாள் தாமதம் என்று நாங்கள் பையருக்கு எழுதியிருந்த செய்தி வரை அதில் சரியாக இருந்தது. அங்கே கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் கேட்டதால்தான் பணம் தப்பியது.

அதன்பிறகு மெயில் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஐரோப்பாவில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஒரு ஹோஸ்டிங் நெட்வொர்க்கிலிருந்து இரவு முழுதும் எங்கள் ஊழியர்களின் கணக்குகளில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு நுழைய முயன்றிருக்கிறார்கள். அது இன்றுவரை நிற்கவில்லை. அந்த நெட்வொர்க் யாருடையது என்று காட்டும் ஹூயிஸ் பதிவில், முறைகேட்டுப் புகாருக்கென்று கண்ட 'அப்யூஸ்' முகவரிக்கு இதுவரை பதினான்கு கடிதங்கள் எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்கு மட்டும் ஒரு டிக்கெட் எண்ணோடு தானியங்கிப் பதில் வந்தது. பிறகு மூச்சுப் பேச்சு இல்லை. போலி டொமைனைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனமும் அப்படியே. எல்லா விவரங்களையும் ஒரே கடிதமாகத் தொகுத்து, இருபத்துமூன்று ஸ்கிரீன்ஷாட்களை இணைத்து, நீதிமன்றம் செல்வேன் என்றுகூட எழுதிப் பார்த்துவிட்டேன். எங்கள் முதலாளி தினமும் காலையில் டீ வந்ததும் "அதை எடுத்துட்டாங்களாப்பா?" என்று கேட்கிறார், பதில் சொல்ல முடியவில்லை. இவர்களுக்கு மேலே யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்களை எப்படி அணுகுவது?

கோவை இரவுப்பணி – பதில்

திருப்பூர் நண்பருக்கு வணக்கம். நான் சரவணம்பட்டியில் இருந்துகொண்டு, வெளிநாட்டு ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றுக்காக இத்தகைய புகார்களைப் படிக்கும் மேசையில் ஆறு ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவன். அதாவது, தங்களுக்குப் பதில் எழுதாமல் விட்ட ஆளின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். அந்தப் பக்கத்துச் செய்தியையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அந்த மேசைக்கு வருபவற்றில் பெரும்பகுதி மனிதர்கள் எழுதியவையே அல்ல. ஃபெயில்2பேன் போன்ற மென்பொருள்கள், தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போடும் ஒரு முகவரியைத் தடுக்கும்போதெல்லாம் தாமாகவே ஒரு மெயிலைத் தட்டிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வெள்ளத்துக்கு நடுவே ஒரு புகாருக்கு என்னால் ஒதுக்க முடிந்தது இரண்டு நிமிடம். எந்த ஐ.பி. (இணையத்தில் ஒரு கணினியின் எண் முகவரி), எந்த நேரம், என்ன நடந்தது, அதற்கான பதிவு வரிகள் எங்கே என்ற நான்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் கண்ணில் பட்டால் வேலை நடக்கும். படாவிட்டால் 'பிறகு பார்க்கலாம்' வரிசைக்குப் போகும், அந்த வரிசையை யாரும் பிறகு பார்ப்பதில்லை. தாங்கள் அனுப்பிய கடிதத்தில் மூன்று வெவ்வேறு ஆட்களுக்கான மூன்று வெவ்வேறு வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. கடவுச்சொல் முயற்சி ஹோஸ்டிங்காரரின் வேலை. டொமைன் அதைப் பதிவு செய்த ரெஜிஸ்ட்ராரின் வேலை. போலி மெயில் புறப்பட்ட சர்வர் மூன்றாவது ஒருவரிடம் இருக்கலாம். மூவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால், மூவருமே அது மற்றவருக்கானது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்கிரீன்ஷாட் எங்களுக்குப் பயன்படாது, படத்திலுள்ள ஐ.பி.யை நகலெடுத்துத் தேட முடியாது. பதிவேட்டிலிருந்து பத்துப் பதினைந்து வரிகளை எழுத்தாகவே கடிதத்தின் உடலில் ஒட்டுங்கள், பதினோராயிரம் வரிகள் வேண்டாம். நேரத்தை யு.டி.சி.யில், அதாவது உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். வெறுமனே 'இரவு 2.15' என்று எழுதினால், படிப்பவர் தம் ஊர் நேரம் என்றோ யு.டி.சி. என்றோ எடுத்துக்கொண்டு, சில மணி நேரம் தள்ளி, அந்த ஐ.பி.யை அப்போது வைத்திருந்த வேறொரு வாடிக்கையாளரைப் பிடித்துக் கேட்பார், அவர் இல்லை என்பார், புகார் மூடப்படும். தங்கள் சர்வரின் கடிகாரமே சரியாக ஓடுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போலி மெயிலைப் பொறுத்தவரை, பையரிடமிருந்து அதன் மூலப்பிரதியை முழு ஹெட்டருடன் (மெயில் வந்த வழியைக் காட்டும் தலைப்பு வரிகள்) கோப்பாக வாங்குங்கள். அவர் சாதாரணமாக ஃபார்வேர்ட் செய்தால் ஹெட்டர் தொலைந்துவிடும். ஹெட்டரில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்பார்கள். ஆனால் அடியில் உள்ளவற்றை அனுப்பியவனே பொய்யாக எழுதி வைக்க முடியும். பையருடைய சொந்த சர்வர் சேர்த்த வரியில் உள்ள ஐ.பி.யை மட்டும் நம்புங்கள். இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மோசடி இணைய முகவரி (லிங்க்) உள்ள மெயிலை அப்படியே ஒட்டி அனுப்பினால், புகார் வாங்கும் பெட்டியின் ஸ்பேம் வடிகட்டியே அதைக் குப்பையில் போட்டுவிடும். தங்களுடைய பதினான்கில் எத்தனை அப்படிப் போனதோ தெரியாது. ஆகவே அந்த லிங்க்கின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.' என்பதில் வரும் இரண்டு 'டி' எழுத்துகளை 'எக்ஸ்' ஆக்கி, புள்ளியைச் சதுர அடைப்புக்குள் வைத்து எழுதுவதே இந்தத் தொழிலில் வழக்கம்.

தங்கள் கோபம் நியாயமானது என்றாலும், நீதிமன்றம் என்ற சொல் கடிதத்தில் வந்துவிட்டால் நாங்கள் அதைத் தொடக் கூடாது. சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டும், அங்கே அது மாதக்கணக்கில் தூங்கும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பல நிறுவனங்களில் வருகிற புகாரை அப்படியே அந்த சர்வரை வாடகைக்கு எடுத்தவருக்கு அனுப்பி விளக்கம் கேட்பார்கள். அவர் ஒன்றுமறியாதவராக, சர்வர் திருடப்பட்டவராக இருக்கலாம். அல்லது அந்தத் திருடனாகவே இருக்கலாம். எனவே புகாருக்கென்று தனி மெயில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள், பையர்களின் பெயர்களையும் ஊழியர்களின் முகவரிகளையும் மறைத்துவிடுங்கள்.

இனி, மேலே யார் என்ற கேள்விக்கு வருகிறேன். 'அப்யூஸ்' என்ற பெயரில் ஒரு மெயில் பெட்டி இருக்க வேண்டும் என்பது 1997-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2142 என்ற ஆவணத்தில் எழுதிய வழக்கம்; அதை மீறினால் தண்டிக்க யாரும் இல்லை. ஐரோப்பிய ஐ.பி. முகவரிகளைப் பங்கிடும் ரைப் அமைப்பு ஆம்ஸ்டர்டாமிலும், நம் பகுதிக்கான ஆப்னிக் பிரிஸ்பேனிலும் இருக்கின்றன. அவர்கள் சர்வரை அணைக்க மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் அல்ல. ஆனால் பதிவிலுள்ள புகார் முகவரி உயிரோடு இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ரைப் அதை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கிறது, ஆப்னிக் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தங்கள் கடிதம் திரும்பி வந்தால், 'இந்தத் தொடர்பு முகவரி செல்லாது' என்று அவர்களிடம் தெரிவியுங்கள். அதை அவர்கள் கவனிப்பார்கள்.

உண்மையான பிடி வேறிடத்தில் இருக்கிறது. எந்த ஹோஸ்டிங்காரரும் தம் இணைப்பை மேலேயுள்ள பெரிய நெட்வொர்க் ஒன்றிடமோ இரண்டிடமோ விலைக்கு வாங்குகிறார். ரைப் நடத்தும் ரைப்ஸ்டாட் தளத்தில் அந்த ஐ.பி.யைப் போட்டால் அது எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று காட்டும் ஏ.எஸ். எண் தெரியும், அதன் அண்டை நெட்வொர்க்குகள் யார் என்பதும் தெரியும். ஹோஸ்டிங்காரருக்கு இரண்டு முறை எழுதி, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் பொறுத்து, மூன்றாவது கடிதத்தில் மேலே உள்ளவரையும் சேர்த்து, முந்தைய இரண்டு தேதிகளையும் டிக்கெட் எண்ணையும் அமைதியாகக் குறிப்பிடுங்கள். 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. ஆய்வாளர்கள் திரட்டிய ஆதாரங்களை ஒரு பத்திரிகையாளர் அதன் மேலிணைப்பாளர்களிடம் கொண்டுபோனார். அவர்கள் கம்பியைப் பிடுங்கினார்கள். உலகெங்கும் ஸ்பேம் ஓரிரு நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. சில மாதங்களில் மீண்டும் ஏறிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று, மனம் வருந்தக் கூடாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய ஃபிஷிங் (போலி மெயில் மோசடி), அனுமதியற்ற நுழைவு ஆகியவற்றைக் கண்ட ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்; பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அவர்களுடைய கட்டணமில்லா எண் 1800-11-4949. தாங்கள் ஏழு வாரமாக யார் யாரோ பதில் சொல்லவில்லை என்கிறீர்கள். தங்கள் நிறுவனம் செர்ட்-இன்னுக்கு எழுதியதா? ஷேடு மாறிய கதை வரை திருடனுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், வெளியே தட்டிக்கொண்டிருப்பவனை விட, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவனைத்தான் முதலில் தேட வேண்டும். மெர்ச்சண்டைசரின் மெயில் பெட்டியில் தானாக ஃபார்வேர்ட் செய்யும் விதி ஏதாவது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கோபி இணைப்பாளர் – பதில்

கோவைக்காரர் எழுதியது முற்றிலும் சரி. பதில் சொல்லாத நிர்வாகியாகவே நான் மூன்றாண்டுகள் இருந்திருக்கிறேன் என்பதால், அந்த வெட்கக்கேட்டையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் சுற்றுவட்டாரத்தில் கேபிள் டிவியில் தொடங்கி, பிறகு பிராட்பேண்டும் கொடுத்து வருகிறோம். உரிமம் வாங்கியபோது பதிவில் புகார் முகவரி ஒன்று கேட்டார்கள்; அப்போது எங்களிடம் வேலை பார்த்த பையன் தன் பெயரில் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தான். அவன் பெங்களூரு போய்விட்டான், பெட்டி மட்டும் இருந்தது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு இணைப்புக் கொடுக்கும் பெரிய நிறுவனம் ஒரு நாள், இத்தனை புகார்களுக்குப் பதில் இல்லை, எழுபத்திரண்டு மணி நேரத்தில் சரி செய்யாவிட்டால் லிங்க் நிறுத்தப்படும் என்று எழுதியபோதுதான் விழித்துக்கொண்டோம். பெட்டியை மீட்டுத் திறந்தால் மூன்றாண்டுக் கடிதங்கள். எல்லாம் ஒரே கதை: ஒரு மஞ்சள் கிடங்கில் மாட்டியிருந்த கேமரா டி.வி.ஆர். (படம் பதியும் பெட்டி), வாங்கி வந்த கடவுச்சொல்லோடு அப்படியே இருந்து, எவனோ அதைப் பிடித்து ஊரெல்லாம் தாக்க வைத்திருக்கிறான். கிடங்குக்காரருக்கு இது எதுவுமே தெரியாது. கேமரா படம் தெரிகிறதே என்றார்.

அந்தப் புகார்களில் பாதிக்கு மேல், படித்திருந்தாலும் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. எங்களிடம் இருந்த பொது ஐ.பி. முகவரிகள் 256, இணைப்புகள் நாலாயிரத்துக்கு மேல். ஒரே முகவரிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கும். இன்ன ஐ.பி. என்று மட்டும் எழுதினால் எந்த வீடு என்று கண்டுபிடிக்க முடியாது, ஐ.பி.யோடு, ஒரே முகவரியின் பின்னாலுள்ள இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் சோர்ஸ் போர்ட் எண்ணும், நொடி வரை நேரமும் வேண்டும். ஹோஸ்டிங் சர்வராக இருந்தால் போர்ட் அவ்வளவு தேவைப்படாது. வீட்டு இணைப்பிலிருந்து தாக்குதல் வந்தால் அது இல்லாத புகார் வெறும் காகிதம். பெரும்பாலான மெயில் சர்வர்கள் போர்ட் எண்ணைத் தாமாகப் பதிவதில்லை. அமைப்பில் அதை இயக்கி வைக்க வேண்டும்.

மேலே உள்ளவரிடம் போவது பற்றி ஒரு சொல். கீழ்பவானி வாய்க்காலில் எவனாவது மோட்டார் வைத்துத் திருட்டுத் தண்ணீர் எடுத்தால், கடைமடைக்காரர் அவனிடம் போய் நின்று பயனில்லை. மதகு யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் போவார். ஆனால் எடுத்த எடுப்பிலேயே மதகுக்காரரிடம் போனால், "முதலில் அவனிடம் கேட்டாயா?" என்பார். நெட்வொர்க்கிலும் அதே நடைமுறைதான். பதிவேட்டில் 'என்.ஓ.சி.' என்று ஒரு முகவரி தனியாக இருக்கும். இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் பார்க்கும் பெட்டி அது. புகாருக்கானது அல்ல என்றாலும், 'உங்கள் அப்யூஸ் பெட்டி வேலை செய்யவில்லை' என்று இரண்டு வரி அங்கே எழுதுவது முறையானதே. எனக்கு யாராவது அப்படி எழுதியிருந்தால் மூன்றாண்டு போயிருக்காது.

கரூர் ஏற்றுமதி அம்மணி – பதில்

இருவர் எழுதியதையும் படித்தேன். நான் கணினி படித்தவள் அல்ல. கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்கிறேன். எங்களுக்கு இதே மோசடி நடந்து, ஒரு தவணைப் பணம் போயே போய்விட்டது. ஆகவே சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன்.

மேலிணைப்பாளர் வரை எழுதுவதெல்லாம் எங்கள் விஷயத்தில் பலன் தரவில்லை. அவர்களும் வாய் திறக்கவில்லை. நடந்தது ரெஜிஸ்ட்ரார் வழியாகத்தான். டாட் காம் போன்ற டொமைன்களை விற்கும் ரெஜிஸ்ட்ரார்கள், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்போடு ஒப்பந்தம் போட்டவர்கள். 2024 ஏப்ரல் 5 முதல் அந்த ஒப்பந்தத்தில் உள்ளபடி, ஃபிஷிங்குக்குப் பயன்படுகிறது என்று போதிய ஆதாரத்தோடு காட்டினால் அவர்கள் உடனடியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். எங்கள் ஆடிட்டரின் மகன் அந்த விதியைக் குறிப்பிட்டு, போலி மெயிலையும் உண்மையான பி.ஐ.யையும் அடுத்தடுத்து வைத்து, எந்த வரியில் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது என்று காட்டி ஒரு பக்கத்தில் எழுதினான். பதில் வராததால், அனுப்பிய தேதிகளோடு ஐகானின் புகார்ப் படிவத்தையும் நிரப்பினான். சில நாட்களில் டொமைன் முடங்கியது. டாட் இன் டொமைனாக இருந்தால் ஐகானுக்கு அதில் வேலையில்லை. அது நம் நாட்டு நிக்ஸி அமைப்பின் பொறுப்பு. டொமைனை நம் பெயருக்கே மாற்றிக் கேட்கும் யு.டி.ஆர்.பி. வழக்குக்கு, வைப்போ எனும் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவருக்கே 1,500 டாலர் கட்டணம், மாதங்களும் ஆகும். மோசடிக்காரன் அதற்குள் பத்து டொமைன் வாங்கிவிடுவான்.

இன்னொன்று, எங்கள் கணினிப் பையன் மெயில் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் எல்லாம் போட்டுவிட்டேன், இனி பயமில்லை என்றான். அவை எங்கள் டொமைன் பெயரையே போட்டுப் பொய்யாக அனுப்புவதைத்தான் தடுக்கும். திருடன் தன் சொந்த டொமைனிலிருந்து அனுப்பும்போது அவனும் அவற்றைச் சரியாகப் போட்டுத்தான் அனுப்புகிறான்.

புகார்களுக்குக் காத்திருக்கும் நாட்களில் பணம் போய்க்கொண்டிருக்கும். எனவே முதல் வேலையாக எல்லா பையர்களுக்கும் தொலைபேசியில் பேசுங்கள், மெயிலில் அல்ல. எங்கள் பி.ஐ.யின் அடியில், எங்கள் வங்கிக் கணக்கு மெயில் வழியாக ஒருபோதும் மாறாது, மாறினால் நானே பேசுவேன் என்று அச்சிட்டிருக்கிறோம். பணம் போய்விட்டால் பையர் அதே நாளில் தம் வங்கியிடம் திரும்பப் பெறும் கோரிக்கை கொடுக்க வேண்டும். இங்கே 1930 எண்ணிலும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் நாம் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் நான்கு நாள் கழித்துச் செய்தோம், அதனால்தான் போனது.

திருப்பூர் கணினிக்காரன் – மூன்று வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கோவை அண்ணன் சொன்னது சரியாகப் போயிற்று. எங்கள் மெர்ச்சண்டைசரின் மெயில் பெட்டியில் 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற சொற்கள் உள்ள மெயில்களை மட்டும் வெளியே ஒரு இலவச மெயில் கணக்குக்கு அனுப்பும் விதி ஒன்று நான்கு மாதங்களாக இருந்திருக்கிறது. நான் ஏழு வாரமாகக் கதவைத் தட்டுபவனைப் பற்றிப் புகார் எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்தவன் சாவகாசமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். விதியை நகலெடுத்து வைத்துக்கொண்டு நீக்கினேன். எல்லாக் கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போட்டாகிவிட்டது. செர்ட்-இன்னுக்குத் தாமதமாகத்தான் தெரிவித்தோம். தாமதம் என்று ஒப்புக்கொண்டே எழுதினேன், குறிப்பு எண் வந்திருக்கிறது. பையர்களுக்கெல்லாம் முதலாளியே தொலைபேசியில் பேசினார்.

ஹோஸ்டிங்காரருக்குப் புதிய முறையில் பன்னிரண்டு பதிவு வரிகளோடு எழுதினேன். முதல் கடிதத்துக்கும் பதில் இல்லை, ஒரு வாரம் கழித்து எழுதிய இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதில் மேலே உள்ள இரண்டு நெட்வொர்க்குகளையும் சேர்த்தேன். ஒன்று கரூர் அம்மணிக்கு நடந்தது போலவே மௌனம். மற்றொன்றிலிருந்து ஒரு மனிதர் எழுதினார். முந்தைய இரண்டு கடிதங்களின் நகல் கேட்டார், கொடுத்தேன். மறுநாள் ஹோஸ்டிங்காரரிடமிருந்து, வாடிக்கையாளரின் சர்வர் நிறுத்தப்பட்டது என்று ஒன்றரை வரிப் பதில் வந்தது. முந்தைய பதினான்கு கடிதங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ரெஜிஸ்ட்ரார் ஐகான் படிவத்துக்குப் பிறகு டொமைனை நிறுத்தி வைத்துவிட்டார். பதிவில் இப்போது 'கிளையன்ட் ஹோல்டு' என்று காட்டுகிறது, அதற்கு அனுப்பும் மெயில் திரும்பி வருகிறது. அன்று காலை முதலாளி கேட்டபோது "எடுத்துட்டாங்க" என்று சொல்ல முடிந்தது.

நேற்று மாலை எங்கள் பெயருக்கு நடுவில் சிறு கோடு போட்டு இன்னொரு டொமைன் வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் பதிவாகியிருப்பதைக் கண்டேன். அதிலிருந்து இன்னும் மெயில் எதுவும் போனதாகத் தெரியவில்லை. மோசடி நடந்ததற்கான ஆதாரம் இல்லாத நிலையில் ரெஜிஸ்ட்ரார் ஏற்பாரா என்று தெரியவில்லை என்றாலும், பழைய டொமைனின் கதையை இணைத்து இரவே எழுதிவிட்டேன். பதில் வந்தால் இங்கே தெரிவிக்கிறேன்.